கக்லியானி வளைவில் கார் ஓட்டியவள்

என் பெயர் இஸோல்டா அபெசாட்ஸே. வயது ஐம்பத்து நான்கு. ஜார்ஜியாவின் மேற்கே இமெரெத்தி மாகாணம், குத்தாயிசி நகரில், ரியோனி ஆற்றங்கரைத் தெருவில் என் கணவர் ஜும்பருடன் குடியிருந்து வருகிறேன். நகரச் சந்தையில் பாலாடைக்கட்டி வியாபாரம் செய்கிறேன். என் கணவர் மினிபஸ் ஓட்டுநர். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை கிழக்கே ககேத்தி மாகாணம் கக்லியானி கிராமத்தில், தேவாலய வளைவில், எங்கள் வெள்ளைக் கார் நுக்சார் பெரிகாஷ்விலி என்பவருடைய சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு உள்ளே போனது தொடர்பாக ஏற்கெனவே இரண்டு பேர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். காரை ஓட்டியது தானே என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். தன் ட்ராக்டரைச் சாலையின் குறுக்கே நிறுத்தியிருந்ததால்தான் கார் விலகிப் போனது என்று நுக்சார் சொல்லியிருக்கிறார். இரண்டும் பொய். காரை ஓட்டியது நான். ட்ராக்டர் சாலையிலேயே இல்லை. அது அவர் வீட்டுப் பின்புறம், கோழிக்கூண்டை ஒட்டி நின்றது.

எனக்கு இந்த வசந்த காலத்தில்தான் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வாங்கினேன். என் கணவர் ஊரையெல்லாம் கடலுக்கும் மலைக்கும் ஏற்றிக்கொண்டு போனவர், என்னை எங்கும் கூட்டிப்போனதில்லை. ஆகவே அறுவடைக் காலத்தில் ககேத்தியின் பழைய கிராமங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்க்க நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள் என்று சொன்னேன். அவர் வந்தார். வரும்போதெல்லாம் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கொம்போரி மலைப்பாதையில் நான் நிதானமாக இறங்கியபோது, "நீ ஓட்டுற வேகத்துக்குத் திராட்சை பழுத்து, ஒயினாகி, நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க குடிச்சே தீர்த்திருவாங்க" என்றார். "நடந்து வர்றதா இருந்தா இறங்கிக்குங்க" என்று சொன்னேன். அவர் இறங்கவில்லை.

அதன் பிறகு தெலாவியைக் கடந்து, கோட்டைச் சுவர்களும் மரப் பால்கனி வீடுகளும் உள்ள கிராமங்கள் வழியாக ஓட்டினேன். வழியில் வாங்கிய சூடான ரொட்டியை என் கணவர் பிய்த்து என் வாயில் ஊட்டிவிட்டார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுதுகிற தம்பி சொல்கிறார். தேவை. நான் அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது தெரிந்தால்தான் பின்னால் நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பது விளங்கும்.

தேவாலயத்தைக் கண்டால் மூன்று முறை கையால் சிலுவைக் குறி போடாமல் எங்களில் யாரும் கடப்பதில்லை. என் கணவர் மினிபஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டே முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிலுவை போடுவார், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் போடுவார்கள், இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ககேத்தியிலோ குன்றுக்கு ஒரு தேவாலயம் நிற்கிறது. அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் நேரான சாலையில் ஒற்றைக் கையால் சமாளித்துக்கொண்டு வந்தேன். கக்லியானியில் இறக்கத்தில் திரும்பும்போது வலப்பக்கம் மரங்கள் விலகி அந்தப் பழைய தேவாலயம் திடீரென்று முழுசாகத் தெரிந்தது. வலது கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. இடது கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது, ஆனால் என் பார்வை கோபுரத்தில் இருந்தது. கார் பார்வை போன பக்கம் போனது. வழி நெடுகத் தவறு கண்டுபிடித்துக்கொண்டே வந்த என் கணவர் அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டிருந்ததால் அவராலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

கார் கல் சுவரை இடித்து, ஒயின் தாழிகள் கழுத்துவரை புதைத்திருக்கும் கொட்டகைக்குள் புகுந்து, முன்சக்கரம் ஒரு தாழியின் மூடியை உடைத்து உள்ளே இறங்கி நின்றது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நுக்சார் ஓடிவந்து கதவைத் திறந்து, "தங்கச்சி, எங்கயாவது அடிபட்டுச்சா? கையை ஆட்டிக் காட்டு" என்றார். நான் கையை ஆட்டினேன். காலை ஆட்டச் சொன்னார், அதையும் ஆட்டினேன். என் கணவரையும் அப்படியே ஆட்டவைத்துப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் தாழியின் பக்கம் திரும்பினார்.

அது எந்தத் தாழி என்று அவருடைய மகள் தமுனாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் பிறந்த வருடத்து ஒயினை ஊற்றிக் களிமண் பூசி மூடிவைத்த தாழி. அவளுடைய கல்யாணத்தன்று திறக்க வேண்டியது. கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. தாழியின் தோளில் விரிசல் விட்டு, ஒயின் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தத் தாழிக்குப் பதில் என் கால் உடைந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அக்கம்பக்கத்தார் குடம், வாளி, ஊறுகாய் ஜாடி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். காரைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு எல்லோரும் மொண்டார்கள். நானும் அழுதுகொண்டே மொண்டேன். பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேறியது. தமுனா முழங்கைவரை ஒயினோடு நின்று, "இந்தத் தாழியைத் தொடாதே, தொடாதேன்னே என்னை வளர்த்தீங்களேப்பா. இன்னைக்குத் தெருவே கையை விட்டு அளையுது" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரித்ததற்கு நான் செத்தாலும் நன்றி மறக்க மாட்டேன்.

நான் நுக்சாரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "விருந்தாளி வீட்டுக்குள்ள வந்தாச்சு. வாசல் வழியா வரலைன்னா என்ன, உக்காரு" என்றார். திராட்சைக் குச்சி எரித்து இறைச்சி சுட்டார்கள். நாங்கள் இமெரெத்திக்காரர்கள் என்று தெரிந்ததும், "அதான பார்த்தேன். உங்க ஊர்ல திராட்சையைத் தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துட்டு, அதுக்கு ஒயின்னு பேரு வைப்பீங்க. நல்ல ஒயின் வாசம் வந்ததும் கார் நேரா தாழிக்கே போயிருச்சு" என்றார். என் கணவர் விடவில்லை. "உங்க ஒயினை ஒரு டம்ளர் குடிச்சா ரெண்டு நாளைக்கு நாக்கு தடிச்சுக் கிடக்கும், தெரியுமாண்ணே" என்றார். சுவர் இடிந்து கிடந்தது, தாழி உடைந்து கிடந்தது, அவர்கள் இதைப் பேசிச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வழியில் போன யாரோ சொல்லி ரோந்து வண்டி வந்தது. காரை ஓட்டியது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் "நான்தான்" என்றார். அதே மூச்சில் நுக்சார், "அவர் மேல தப்பில்லைங்க, என் ட்ராக்டர் குறுக்க நின்னுச்சு" என்றார். அவர்கள் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சந்தையில் வாய்க்குப் பூட்டில்லாதவள் என்று பெயரெடுத்த நான் அன்று பேசவில்லை. உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். அவர்கள் போன பிறகு என் கணவரிடம், உங்கள் வேலை போய்விடுமே, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மூணு தடவை பரீட்சை எழுதி வாங்கினவ நீ. எனக்கென்ன, இத்தனை வருஷம் ஓட்டியாச்சு" என்றார். அவர் என்னைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

அன்றிலிருந்து நாங்கள் நுக்சார் வீட்டில்தான் இருக்கிறோம், எங்களைப் போக விடவில்லை. நேற்று தமுனா சொல்லித்தான், விசாரணை முடியும்வரை அவள் அப்பா ட்ராக்டர் ஓட்டக் கூடாது என்று உத்தரவாகியிருப்பது எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் ட்ராக்டர் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். திராட்சை பாதிக்கு மேல் கொடியில் இருக்கிறது. சனிக்கிழமை மழை என்கிறார்கள். நனைந்தால் பழம் அழுகிவிடும், அந்த வீட்டுக்கு அடுத்த வருடச் சாப்பாடு அதுதான். நான் போய்க் கேட்டபோது நுக்சார், "கூடையில சுமந்துக்குவோம் தங்கச்சி, எங்க தாத்தன் ட்ராக்டரா வச்சிருந்தான்" என்றார். அவருடைய முதுகு நிமிராமல் இருப்பதை நான் பார்த்தேன். இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் ரொட்டி வண்டியில் ஏறி இங்கே வந்தேன். என் கணவர் பின்னாலேயே வந்து இப்போது வெளியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே விட வேண்டாம், விட்டால் மறுபடியும் "நான்தான்" என்பார்.

யார் மீதாவது புகார் உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு யார் மீதும் இல்லை. நன்றிதான் இருக்கிறது, அதை எழுத உங்கள் காகிதத்தில் தனியாக இடமில்லை என்பதால் இங்கேயே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். நுக்சாரை இன்றைக்கே ட்ராக்டர் ஓட்ட விட வேண்டும். என் கணவரின் உரிமத்தில் கை வைக்கக் கூடாது. காவலரிடம் பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டென்றால், அந்த இரண்டு பொய்களையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் எனக்காகத்தான் சொன்னார்கள். என் ஓட்டுநர் உரிமத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எங்களை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், இருக்கப்போகிறோம். வாளியிலும் ஊறுகாய் ஜாடியிலும் தேறிய ஒயினைத்தான் பரிமாறுவார்கள். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்த வளைவில் என் கணவரிடம் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று, பாதியில் விட்ட சிலுவையை முழுசாகப் போடுவேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. அன்று ஸ்டியரிங்கை விட்ட அதே வலது கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

இஸோல்டா அபெசாட்ஸே