இரண்டாவது படம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். இருபத்தாறு வருடங்களாகக் கடையில் கண் பரிசோதிக்கிறவன் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் சகலையைப் பற்றித்தானே கேட்டீர்கள். நான் அக்காளைக் கட்டியவன், அவர் தங்கையைக் கட்டியவர். மாமனார் வீட்டு விசேஷங்களில் பேச ஆளில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த நாங்கள் இருவரும் வானத்தைப் பிடித்துக்கொண்டோம். அவர் வீட்டு மாடியில் தொலைநோக்கி இருந்தது. இரவில் அவர் படம் எடுத்து அனுப்புவார். காலையில் கடை திறக்கும் முன் நான் அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஒரு புள்ளி முளைத்திருக்கிறதா என்று தேடுவேன். எங்கோ ஒரு நட்சத்திரம் திடீரென வெடித்துப் பிரகாசித்தால் படத்தில் அப்படித்தான் தெரியும். நோவா என்பார்கள். முதலில் கண்டு சொன்னவர் பெயர் உலகத்துக்கே போகும் அறிவிப்பில் வரும். அதற்காகப் பதினோரு வருடங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி, நான் வைத்தது. ஒற்றைப் படத்தை நம்பக்கூடாது. புள்ளி, நகர்ந்து போகிற சிறுகோளாக இருக்கலாம். லென்ஸில் பட்ட வெளிச்சமாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது படத்திலும் அது அதே இடத்தில் இருந்தால்தான் வாயைத் திறக்க வேண்டும். அவர் அவசரக்காரர். "பொறுங்க சகல, ரெண்டாவது படத்த பாப்போம்" என்று எத்தனையோ முறை நான் அவரை அடக்கியிருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தப் புள்ளியை நான் கண்டேன். நான்தான் கண்டேன். இரண்டு படத்திலும் அது ஆடாமல் அசையாமல் இருந்தது. உடனே அவருக்குப் போன் செய்து சொன்னேன். "நான் அனுப்பிடுறேன் சகல, நீங்க கடைய பாருங்க" என்றார். மதியம் அறிவிப்பு வந்தது. கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

கூட இருந்தே குழி பறித்துவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். வாயெல்லாம் பல்.

"அறிவிப்ப பாத்தீங்களா சகல?"

"பாத்தேன்."

"சந்தோஷம்தானே?"

இப்படிக் கேட்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சந்தோஷம்தான் என்றேன். வந்ததோடு வந்ததாகக் கண்ணையும் பார்த்துவிடச் சொன்னார்; ஓரங்களில் ஏதோ மங்கலாக இருக்கிறதாம். கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவியின் முன் உட்கார வைத்தேன். இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும். முப்பத்துநான்கு காட்டியது. விதி விதிதான் என்று இரண்டாவது முறையும் பார்த்தேன். அதே முப்பத்துநான்கு.

அவர் அட்டையில் பதினாறு என்று எழுதினேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சகல. வயசாகுதுல்ல?"

இந்தக் கண் அழுத்த நோயில் வலி தெரியாது. ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வரும். தினமும் சொட்டு மருந்து விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். போன பார்வை திரும்பாது. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார், மொத்தம் எட்டு முறை. நடுவில் ஒருநாள் கொழுந்தியாள், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா மாமா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா வீண் அலைச்சல், நான் இருக்கேன்ல" என்றேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

நான் அவர் கண்ணில் எதையும் ஊற்றவில்லை. பார்த்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்ததை அவரும்தானே சொல்லவில்லை. உண்மையான எண்களைத் தேதி போட்டு என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கண்டதைத் திரித்து எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் கடையைச் சோதனை போட்டு என் மேசையிலிருந்து எடுத்த நோட்டு அதுதான். இப்போது அவருக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும் என்கிறார்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்ட இந்தத் தாளை ஏன் என் முன் வைக்கிறீர்கள் என்று முதலில் புரியவில்லை. அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்ததாமே. நான்கு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை, அந்த முதல் அறிவிப்புக்குப் பிறகு வேறு எதையும் திறந்து பார்க்கவும் இல்லை. பெரிய தொலைநோக்கியில் பார்த்து உறுதிசெய்த பிறகு, மறுநாள் வந்த இரண்டாவது அறிவிப்பு. கண்டவர்கள் என்ற இடத்தில் முதலில் என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர். அவசரப் படிவத்தில் அனுப்புகிறவர் பெயர் மட்டும்தான் ஏறுமாம்; அன்று மாலையே அவர் கடிதம் எழுதி என் பெயரை முதலில் போட வைத்தாராம். கொழுந்தியாள் சொன்னாள் என்கிறீர்கள்.

இரண்டு முறை படித்துவிட்டேன். ஆமாம், என் பெயர்தான்.

ஆனால் ஐயா, இது மறுநாள் வந்தது. ஒரு முழு நாள் அந்த நட்சத்திரம் அவர் பெயரில் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.