கட்டுரைக்கு ஐந்தரை மதிப்பெண்

இலக்கியம் படிக்க அமெரிக்கா போகிறவர்களும் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிய வந்தது, டாக்டர். என் தங்கை இளவேனில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முக்கோணமும் வட்டமும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, விட்ட கணக்கைத் தொடருவாள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவளைப் பார்க்க வந்துவிட்டுப் படியிறங்கும்போது நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "குணசேகர், உங்கப்பா போனதுக்கு முந்தின நாள் நான் வந்திருந்தேனே, அப்ப அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் முள் ஃபுல்லுனுதானே காட்டுச்சு?" என்று. ஞாபகம் இல்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்கள் கிளினிக்கில் கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். நேராகச் சொன்னால் தப்பாகப் படும். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

அப்பா ஜெயவேலுவை உங்களுக்குத் தெரியும். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். சுரங்கம் மூடிய பிறகு நான் வேலை தேடி பெங்களூர் வந்து, தொம்மலூரில் இந்த மாடி வீட்டைப் பிடித்து, அவரையும் தங்கையையும் அழைத்துக்கொண்டேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். சுரங்கத் தூசி அவர் நுரையீரலில் கல்லாகப் படிந்துவிட்டது என்று நீங்கள்தான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். கடைசி ஆறு வருஷம் படுக்கை. அதில் பாதிக்கு மேல் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், கரண்ட் போனால் மாற்ற ஒரு சிலிண்டர்.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலை ஆறரைக்குக் கேப் வரும், திரும்ப எட்டரை ஆகும். அதனால் அவரைப் பார்த்துக்கொண்டது இளவேனில். குளிப்பாட்டுவது, சளி எடுப்பது, துணி மாற்றுவது எல்லாம். எம்.ஏ. முடித்தவள், ஒரு காலேஜில் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் பாடம் எடுத்துவிட்டு ஓடி வருவாள். அந்த இரண்டு மணி நேரமும் கீழ்வீட்டு அம்மா வந்து உட்கார்ந்திருப்பார். இருபத்தேழு வயதுப் பெண், டாக்டர். அப்பா இருக்கிறவரை அவள் எங்கேயும் போக முடியாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனாலும் அவள் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் தயார் செய்தாள். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. பாதிக் கதை நைனாவிடம் கேட்டது. அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொல்ல, அவள் போனில் பதிவு செய்வாள். ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிஷம் ஆகும். அவள் அவசரப்படுத்தியதே இல்லை.

நவம்பரில் பரீட்சை எழுதினாள். கணக்குக்கும் மொழிக்கும் அன்றைக்கே திரையில் மதிப்பெண் வந்துவிட்டது. மொழியில் நூற்றெழுபதுக்கு நூற்று அறுபத்தாறு. கட்டுரைக்கு மட்டும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அதற்கு மொத்தமே ஆறு மதிப்பெண்தான். இலக்கியத் துறைக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றும், ஐந்துக்கு மேல் வந்தால் நம்பிக்கை உண்டு என்றும் அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அந்தப் பத்து நாளும் வீடே காத்திருந்தது. பாலைக் காய்ச்சும்போதும் போனைத் திறந்து பார்ப்பாள். நைனா காலையில் கண் விழித்ததும், "இன்னா கண்ணு, வந்துச்சா?" என்பார். அந்த மூன்று வார்த்தைக்கு அவருக்கு இரண்டு மூச்சு செலவாகும். இல்லை என்று அவள் தலையாட்டினால், தன் மேல்தான் தப்பு என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

நானும் காத்திருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் மனதில் ஓர் எண் இருந்தது. ஐந்து. அதற்குக் கீழே வந்தால் வீட்டில் எதுவும் மாற வேண்டியதில்லை, எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தேன். நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை.

எனக்கு லீவான ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்தரை என்று வந்தது.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. போனை நைனாவின் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவருக்கு அந்த எழுத்து தெரிந்திருக்காது. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார். மைசூர்பாகு வாங்கி வரச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். ஒரு விள்ளல் வாயில் போட்டு, அது கரையும்வரை வைத்திருந்தார்.

மறுநாள் இராத்திரி கிளினிக் முடித்துவிட்டு நீங்கள் வந்தீர்கள். நாடி பார்த்தீர்கள், மருந்தை மாற்றினீர்கள், சிலிண்டர் முள்ளையும் பார்த்தீர்கள். இன்னும் இரண்டு மூன்று வருஷம்கூட இருப்பார், நல்ல கவனிப்பு என்று இளவேனிலைப் பாராட்டினீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை. லைன் வேலை நடப்பதால் காலை பத்திலிருந்து நான்கு மணிவரை எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது என்று முன்பே தகவல் வந்திருந்தது. கரண்ட் இல்லாத நாளில் இளவேனில் வெளியே போகவே மாட்டாள். அன்றைக்குப் பேராசிரியரைப் பார்த்து, விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைத் திருத்த வேண்டியிருந்தது. நான் லீவு போடுகிறேன், நீ போய் வா என்றேன். கீழ்வீட்டு அம்மாவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புறப்படுமுன் அவள் சிலிண்டர் பக்கத்தில் என்னை நிற்கவைத்துக் காட்டினாள். "யூபிஎஸ் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அது கத்த ஆரம்பிச்சதும் இதை இந்தப் பக்கம் திருப்பிடுண்ணா" என்றாள். முள்ளைப் பார்த்தாளா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பார்த்தாள். குனிந்து, விரலால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பதினொன்றரைக்கு யூபிஎஸ் கத்தியது. பிறகு மெஷின் நின்றது. மெஷின் வந்த நாளிலிருந்து அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நைனா பேச முடியாதபோது மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். தட்டினார். "சிலிண்டர் தொறந்தாச்சு நைனா, வரும்" என்றேன். என்னை நம்பி, குழாயை இரண்டு விரலால் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தேன். எழுந்து வேறு அறைக்குப் போய்விடவில்லை. அதன் பிறகு தட்டுவதை அவரே நிறுத்திக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிலிண்டரைப் பின்பக்க பால்கனிக்கு உருட்டிக்கொண்டுபோய் முழுதாகத் திறந்துவிட்டேன். காலியாக வெகு நேரம் பிடித்தது. இளவேனில் எனக்குப் புளிசாதம் கிளறி மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரத்தில் அதைச் சாப்பிட்டேன். முள் பூஜ்யத்துக்கு வந்ததும் சிலிண்டரைப் பழைய இடத்தில் வைத்து, குழாயைப் பொருத்திவிட்டு, அவளுக்கு போன் செய்தேன்.

அவள் வந்து நைனாவின் காலடியில் உட்கார்ந்தாள். திறந்தேன், வரவில்லை என்று சொன்னேன். அவள் தலையைத் திருப்பி முள்ளைப் பார்த்தாள். அதற்கு முந்தின வாரம் கரண்ட் போனபோது அந்தச் சிலிண்டரைத்தான் ஓட்டியிருந்தாள். அதற்குப் பிறகு நிரப்பி வந்ததும் அவள்தான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து, நிரப்பினோமா என்ற சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. "நான்தாண்ணா, நான்தான் பாக்காம போயிட்டேன்" என்றாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எழுபத்திரண்டு வயது, முற்றிய நோய். நீங்கள் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்.

டிசம்பரில் ஆறு பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதியும் ஒவ்வொன்றாகப் போனது. விண்ணப்பம் எல்லாம் தயாராக இருந்தது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் அனுப்பவில்லை. நைனாவின் குரல் பதிவான போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். காலேஜ் வேலையையும் விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் கடைக்குப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டமாகத் திரும்பி வந்து, அந்த அறை வாசலில் நின்று பார்க்கிறாள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். அந்த மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும், இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்று நான் மாதத்துக்கு ஒருமுறையாவது நினைவுபடுத்துகிறேன். அவளுக்காகத்தானே எல்லாம்.

நீங்கள் போலீசுக்குச் சொல்லுங்கள், சொல்லாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். இளவேனிலுக்கும் சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல்லுங்கள். என்னால் முடியாது.

முன்னே சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். அப்பா இருக்கிறவரை அவள் போக முடியாது என்றேன். அது தெருவில் பேசிக்கொண்டது. மதிப்பெண் வந்த அன்று சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை நேரத்தை மாற்றிக் கேட்க முடியுமா, பகலில் ஆள் வைத்தால் இராத்திரி என்னால் சமாளிக்க முடியுமா என்றெல்லாம் விசாரித்தாள். எல்லாவற்றையும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"ஆறு வருஷம் நான் பாத்துக்கிட்டேன். நான் படிச்சிட்டு வர்ற வரைக்கும் நைனாவ நீ பாத்துக்குவியாண்ணா?" என்றாள்.

"பாத்துக்கறேன், நீ போ" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. அன்றைக்கு முதல்முறையாக நைனாவின் துணியை நான் மாற்றினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மாற்றினேன், ஆனாலும் மாற்றினேன்.

அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, டாக்டர். அப்பாவின் கடைசி மூச்சுவரைக்கும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.