பக்கத்து வீட்டு நாய்

மாட்டுத்தாவணியிலிருந்து சமயநல்லூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்: "எங்க நாயவே எங்க நாயி இல்லன்னு சொல்லிட்டேங்க்கா."

"யாருகிட்ட?"

"மகளப் பொண்ணு பாக்க வந்தவககிட்ட. பூத்தட்டு வைக்க நடுவீட்டுல பேப்பர் விரிச்சிருந்தேன். பொமரேனியன் குட்டி ஓடியாந்து அதுல ஒண்ணுக்குப் போயிருச்சு."

"அய்யய்யோ!"

"பக்கத்து வீட்டு நாயி, ஒழுங்காப் பழக்காம விட்டுட்டாகன்னுட்டேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சாக."

"சரி விடு. நாய்க்கு என்ன தெரியும்?"



"அதுக்குத் தெரியும்க்கா. வாலை ஆட்டிக்கிட்டு என் முன்னாடி வந்து உக்காந்துச்சு. பேப்பர்ல போனா பிஸ்கட்டுன்னு ஒரு மாசமாப் பழக்குனது நாந்தேனே."