கூழைக்கடா இழுத்த நாற்காலி

சித்திரை கழிந்தால் மரக்காணத்தில் வெயில் கடுமைதான், ஐயா. ஆனால் கடற்காற்று எழும்பிவிட்டால், உப்பளத்து வரப்பில் மொபெட் ஓட்டுவதுபோல் சுகம் வேறு கிடையாது.

நான் மீன் விற்கிறவன். பெயர் ஏசுராஜ். கூவி விற்கக் குரல் போய்விட்டதால் ரப்பர் ஹாரன்தான் அடிப்பேன். மிஞ்சிய குடலையும் செவுளையும் கழுவெளி ஏரிக்கரையில் கொட்டுவேன். அதனால் என் ஹாரன் கேட்டால் போதும், பை அலகுக் கூழைக்கடாப் பறவைகள் எங்கிருந்தாலும் எழும்பி மொபெட் பின்னாலேயே வரும். கோயில் மணிக்குக்கூட இத்தனை பேர் வருவதில்லை.

ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் முதுகில் பெரிய விசிறியைக் கட்டிக்கொண்டு பறந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆராய்ச்சிப் புத்தி. படகு இன்ஜினைக் கட்டலாம். எழுந்து நிற்கவே நாலு ஆள் வேண்டும். திருவிழா வாணத்தைக் கட்டலாம். ஏறுவது நிச்சயம், இறங்குவது துண்டு துண்டாக. கூழைக்கடாவுக்குச் சத்தமில்லை, புகையில்லை.

பறக்க ஓர் ஆள் வேண்டுமே. வீட்டில் என் மச்சான் லாரன்ஸ் இருந்தான். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். படகில் வேலை செய்யும் லாரன்ஸ் என் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை உப்புக் குவியலின் உச்சியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவனை உட்காரவைத்து, விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பையும் காலையும் நானே கட்டினேன். அவிழாத முடிச்சு. கைவசமிருந்த ஒரே ஒரு மத்தியைக் காட்டிக் காட்டிப் பறவைகளை ஒவ்வொன்றாக, நாற்காலியில் கட்டிய வலைக்கயிற்றில் பூட்டினேன். பிறகு ஹாரன் அடித்தபடி வரப்பில் விட்டேன் மொபெட்டை. பசித்த பறவைகள் நாற்காலியோடு குப்பென்று எழும்பின. பனை உயரம் போனதும் லாரன்ஸ் குரல் கொடுத்தான்.

“மாமா, எறங்குறது எப்படி?”

“மீன் போட்டா எல்லாம் எறங்கிடும்டா.”

“தடைக்காலத்துல ஏது மாமா மீனு?”

நல்ல கேள்வி. கீழே இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.

என் மனைவி இன்னாசிமேரி மண்ணை வாரி என்மேல் போட்டாள். “எந்தம்பிய எறக்குய்யா, பாவி” என்றாள். இருட்டினால் பறவைகள் தானாக ஏரியில் போய் உட்காரும் என்று ஆறுதல் சொன்னேன். லாரன்ஸுக்கு நீச்சல் தெரியும். நாற்காலிக்குத்தான் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றால் இப்போதும் தெரிகிறான், பாருங்கள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது.

என் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டீர்களாமே. ஆமாம், வஞ்சிரம்தான். கேரளாவிலிருந்து லாரியில் வந்தது. வீசினால் பறவைகள் இறங்கிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு முறை ஒன்று உண்டு. மனைவியின் தம்பி வந்திருந்தால் மீன் தலை அவன் தட்டுக்குத்தான் போகும். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு தடைக்காலத்திலும் எனக்கு வால்தான். அதற்காகத்தான் செய்தேன் என்று நினைக்காதீர்கள். இது விஞ்ஞானம்.

தலை வீட்டு அடுப்பில் கொதிக்கிறது. வாலை மச்சானுக்கென்று நானே எடுத்துவைத்திருக்கிறேன். மரியாதை தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது.