யாருக்காகத் திறக்கிறோம், யாருக்காகச் சாத்துகிறோம்?

அவைத்தலைவர் ஒத்தீலியா புரூசார் அம்மையார் அவர்களே! இறகு விசிறியை இறக்கி வைத்த பின்னும் இடுப்பின் நிமிர்வை இழக்காத மூத்த ஆட்டக்காரிகளே! பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நியூ ஆர்லியன்ஸ் புழுக்கத்தையும் பொறுத்துப் பொறுமையோடு அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு கையுறையைக் கழற்றி முடிப்பதற்குள் ஓர் அரங்கையே சிரிக்கவும் சிலிர்க்கவும் வைப்பது, உடை களைந்தாடும் நம் பர்லெஸ்க் ஆட்டம். அதைக் கற்றுத்தர நம் சங்கம் பள்ளி தொடங்கப் போகிறது. வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? யாரும் எப்போதும் வந்துபோகும் திறந்த வகுப்பா? முதல்நாள் முதல் முடிவுநாள் வரை அதே முகங்கள் கூடும் மூடிய வகுப்பா? கைதூக்கி முடிவெடுக்குமுன் வெர்னா கிட்ரி என்ற பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வீடு தீப்பற்றிக் கணவனை இழந்தவள். அந்தத் தீ அவள் முதுகிலும் தோளிலும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. இதே ஊரில் பர்லெஸ்க் ஆசிரியை கொரீன் பாபின் நடத்திய திறந்த வகுப்புக்கு அவள் வந்தாள். நானும் அங்கே மாணவிதான். ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்துவரை மூடிய சட்டை. ஏன் வந்தாய் என்று கேட்டேன். "கண்ணாடியைப் பாத்து ரொம்ப நாளாச்சுடி. இங்க சுவரெல்லாம் கண்ணாடி. தப்பிக்க முடியாதுல்ல?" என்றாள்.

நடக்கக் கற்றாள். நிற்கக் கற்றாள். பார்வையால் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போடக் கற்றாள். ஒரு சனிக்கிழமை, மேலங்கியைத் தோளிலிருந்து நழுவவிடும் பாடம். எல்லோரும் செய்தோம். கடைசியாக வெர்னா முன்னே வந்தாள், முதுகைத் திருப்பினாள், அங்கியை விட்டாள். அவ்வளவு அழகாக ஓர் அங்கி தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை.

அன்றுதான் கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, குடித்துவிட்டு, ஒருநாள் கூத்துக்கென ஒரு தோழிகள் கும்பல் வந்திருந்தது. திறந்த வகுப்பல்லவா? யாரும் வரலாமல்லவா? ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தியின் கைபேசி உயர்ந்திருந்தது.

ஊர் முழுக்கப் பரவியது அந்தப் படம். எரிந்த முதுகைப் பார்த்து எள்ளியவர்கள் ஒருபுறம். 'இவளா எங்கள் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவள்?' என்று கொதித்தவர்கள் மறுபுறம். பேருந்துச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வெர்னா தொலைவிலுள்ள ஷ்ரீவ்போர்ட் நகரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில்? "அப்போ கதவைச் சாத்திடுவோம்" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன், அம்மா. ஆனால் கேளுங்கள். பள்ளிப் பேருந்துதான் என்றாலும், விளையாட்டுப் போட்டி, சுற்றுலா என்று மாறி மாறி வரும் வேலைநேரம் அவளுக்கு. மூடிய வகுப்புக்குத் தவறாமல் வருவேன் என்று அவளால் வாக்குத் தந்திருக்க முடியாது. கதவு திறந்திருந்ததால்தான் அவள் வந்தாள். கதவு திறந்திருந்ததால்தான் அவள் அழிந்தாள். எந்தப் பக்கம் கைதூக்குவீர்கள்?

கொரீன் வகுப்பைப் பிரித்தாள். நடை, நிலை, விசிறி, கையுறை: இவை எல்லோருக்கும், திறந்த வகுப்பில். உடை களையும் பாடமோ ஒருவரையொருவர் அறிந்து, ஒப்பி, கைபேசியை வெளியே வைத்துவிட்டு வருவோருக்கு மட்டும். வேலைநேரம் இடித்தால் அவரவருக்குத் தனிப்பாடம். இதைச் சொல்ல ஷ்ரீவ்போர்ட்டுக்கே காரோட்டிப் போனாள். நானும் உடன் போனேன்.

வெர்னா வலைக்கதவுக்கு உள்ளேயே நின்று கேட்டாள். மறுபடி கழுத்துவரை மூடிய சட்டை. திட்டவில்லை, அழவில்லை. "நல்ல ஏற்பாடுதான், மிஸ் கொரீன். வர்றவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்," என்றாள். நீயும் வா என்று கொரீன் கெஞ்சினாள். "அந்த அங்கி விழுந்தப்ப நான் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். அதைத்தான் அவங்க படம் புடிச்சாங்க. இனிமே அது எனக்கு வராது." உள்கதவையும் மெல்லச் சாத்தினாள்.

அவள் வரவில்லை. வரமாட்டாள்.

பெரியோர்களே! எதைக் கற்பிப்பது என்று நாம் நாள்கணக்கில் பேசுகிறோம். கற்கும் வேளையில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பேசினோமா? மேடையில் களைபவள் வென்று நிற்கிறாள். வகுப்பில் களைபவள் காப்பின்றி நிற்கிறாள். மேடைக்குப் பார்வையாளர் வேண்டும். வகுப்புக்குப் பார்வையாளரே கூடாது! கூடாது! கூடவே கூடாது!

கைதட்ட வேண்டாம், தாய்மார்களே. வாக்கெடுப்பில் கொரீனின் ஏற்பாட்டுக்குக் கையை உயர்த்துங்கள், போதும். செவிசாய்த்த அவைக்கு நன்றி கூறி, இனி நம் வகுப்பில் முதல் அங்கியை நழுவவிடப் போகும், இன்னும் நாம் அறியாத அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து வணக்கம் சொல்லி அமர்கிறேன்.