பன்னெண்டரைக்கு வர்றவன்

ஃபோன் லைட்ட அணைடா அப்சல்... கண்ணு கூசுது. கரண்டு வர்றப்ப வரட்டும். மொட்ட மாடில காத்தாவது வருது, கீழ போயி இன்னா பண்ணப் போற? கிட்ட வந்து குந்துங்க. நடுவுல எவனும் சிரிக்கக் கூடாது, சொல்ட்டேன்.

மணி பன்னெண்டரை.

ராத்திரி இல்லபா... பகல். உச்சி வெயிலு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. எந்நேரமும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்குமே, அந்த ரோட்ல அன்னிக்கி ஒரு லாரி இல்ல. ஏதோ ஸ்ட்ரைக்கு. ஒரு பக்கம் கருங்கல்லு, கல்லுக்கு அந்தாண்ட கடலு. இந்தாண்ட மூடிக் கெடக்குற கம்பெனி செவுரு. ஒரு நாய் கூட இல்ல. தார் உருகுற வாசன... அதுல ஒரே ஒரு பைக்கு போயிகினு இருந்துச்சி.

பைக்குல போனவன் பேரு மேத்யூ. நம்ம ரோஷன் கீறான்ல, புளியந்தோப்பு ரோஷன்... அவனோட பெரியப்பா மவன். ரோஷன் வாயால எனக்குச் சொன்னது இது. அவன் கத வுடுற ஆளு இல்ல, உங்களுக்கே தெரியும்.

பைக்கு அங்கியே இருக்கட்டும். அதுக்கு முன்ன நடந்தத கேளுங்க.

மேத்யூக்கு ராயபுரம். அப்பா சவரிநாதன், ஹார்பர்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. ஒத்தப் புள்ள. இருபத்தெட்டு வயசுல கத்தாருக்குப் போனான், கிரேன் ஓட்டுற வேலைக்கு. நடுவுல ஒரு தபா லீவுல வந்து ஆலிஸுன்னு ஒரு பொண்ண கட்டிக்கினு, அவளையும் அங்க கூட்டிக்கினு போயிட்டான். மொத்தம் பன்னெண்டு வருசம். சவரிநாதன் மட்டும் மாடி வூட்ல தனியா. கடைசில கண்ணு சரியா தெரியல, காலு வீங்கிப் போச்சி. "தோ வர்றேம்ப்பா... அடுத்த மாசம் வர்றேம்ப்பா"ன்னு இவன் ஃபோன்லயே சொல்லிகினு இருந்தான்.

கொரோனா வந்துச்சி. பிளேன் நின்னு போச்சி. அந்த நேரம் பாத்து கெழவரு செத்துட்டாரு. காசிமேடு கல்லறைல நாலே பேரு. ரோஷன்தான் ஃபோன புடிச்சிக் காட்டுனான். மேத்யூ அங்க ரூம்ல தரையில குந்திப் பாத்துகினு இருந்தான். பொட்டிய எறக்குற நேரத்துல நெட்டு போயிடுச்சி. அந்த வட்டம் மட்டும் சுத்திகினே கெடந்துச்சாம். மண்ணு போட்டத அவன் பாக்கவே இல்ல.

அதுக்கப்புறம் மூணு வருசம் கழிச்சி கம்பெனிய மூடுனானுங்க. மூட்டைய கட்டிக்கினு ரெண்டு பேரும் ராயபுரத்துக்கே வந்து சேந்தாங்க. அதே மாடி வூடு.

ஆலிஸு ஒரே மாசத்துல ஊரோட ஒட்டிக்கினா. கோயில் பாட்டு கோஷ்டில சேந்தா, காசிமேட்டுக்குப் போயி மீன் பேரம் பேசுனா, சமையல்கட்டுக்கு வெள்ள அடிச்சா. இவனுக்குத்தான் ஒட்டல. ராத்திரி ஏசி சத்தம் இல்லாம தூக்கம் வரல. காலைல மூணரைக்கு முழிப்பு வந்துரும்... அங்க மூணரைக்குத்தான் கம்பெனி பஸ்ஸு வரும். எழுந்து பேன்ட்டு போட்டுக்கினு கட்டில்ல குந்தியிருப்பான். ரோடு தாண்டுறப்ப தப்பான பக்கம் பாப்பான், ரெண்டு தபா ஷேர் ஆட்டோல அடிபட இருந்தான். ரேஷன் கார்டு, கேஸு, ஆதார்ல அட்ரஸு... எங்க போனாலும் நாளைக்கி வாம்பானுங்க. எண்ணூருக்கு அந்தாண்ட ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை கெடச்சிது. ஆனா மனசு நிக்கல.

இதுல ஒரு விசயம்... தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் இவன பாத்து ஒரு மாரி மரியாதையா தலைய ஆட்டுனாங்க. டீக்கடைக்காரரு சொல்றாரு, "உன்ன மாரி புள்ள யாருக்கு வாய்க்கும்?" மருந்துக்கடைல, "அப்பாவ அப்டி பாத்துக்கினியேண்ணா"ன்னு ஒரு பையன் சொல்றான். மேத்யூக்கு சுருக்குனு குத்துச்சி. குத்திக் காட்டுறானுங்கன்னு நெனச்சி மருந்த வாங்கிக்கினு வந்துட்டான்.

கீழ் வூட்ல புஷ்பவல்லின்னு ஒரு அக்கா. மீன் விக்கிறவங்க. ஏலத்துக்கு வெடிகாலைல போயிட்டு பகல் பதினோரு மணிக்கெல்லாம் வூடு திரும்பிடுவாங்க. சவரிநாதனுக்கு கொயம்பு, ரசம் எல்லாம் அவங்க குடுத்ததுதான். ஒரு நாளு படிக்கட்டுல நிறுத்தி, மூஞ்சிய உத்துப் பாத்தாங்க.

"இன்னா நைனா, மூணு வருசத்துல இப்டி தொப்ப போட்டு, முடி கொட்டிப் போயிட்ட? அப்ப சின்னப் பையன் மாரி இருந்த."

"எப்பக்கா?"

"அப்பாக்கு முடியாம இருந்தப்பதான். டெய்லி பன்னெண்டரைக்கு டான்னு வருவ. டிபன் கேரியர எடுத்துக்கினு, எண்ணூர் பக்கமிருந்து நடந்தே. சோறு ஊட்டிட்டு, காலு அமுக்கி வுட்டுட்டு போவ. ஒரு வார்த்த பேச மாட்ட, தலைய மட்டும் ஆட்டுவ. 'என் புள்ள வெளிநாட்ட வுட்டுட்டு வந்துட்டான் புஷ்பா'ன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தாரே! கடைசி நாளு மட்டும்தான் உன்ன காணோம். கொரோனான்னு தெருவ தகரம் வெச்சி அடச்சிட்டானுங்க, உன்ன வுடல போலன்னு நெனச்சிக்கினேன்."

மேத்யூ கைப்பிடிய கெட்டியா புடிச்சிக்கினான்.

அவனுக்கு அப்பதான் ஞாபகம் வருது... ஃபோன்ல அப்பா சொல்வாராம், "இன்னிக்கி நல்லா ஊட்டுனடா." கெழவருக்குப் புத்தி தடுமாறுதுன்னு இவன் நெனச்சான். ஞாயித்துக்கெழம பாக்கப் போன ரோஷன் கிட்டயும் அதான் சொல்லிருக்காரு, "மேத்யூ இப்பத்தான் வந்துட்டுப் போனான்." ரோஷனும் சரி பெரியப்பான்னுட்டு வந்துட்டான்.

உதயா, நீ இன்னா நகந்து நகந்து கிட்ட வர்ற? பயமா? இன்னும் ஒண்ணும் வரலயே.

கல்லறைத் திருநாள் வந்துச்சி. நவம்பர் ரெண்டு. காசிமேடு கல்லறை முழுக்க மெழுகுவத்தி, சாமந்திப் பூ, ஊதுவத்தி பொக. சொந்தக்காரங்க எல்லாம் சவரிநாதன் கல்லறையச் சுத்தி நிக்கிறாங்க. புஷ்பவல்லியும் பூ எடுத்துக்கினு வந்தாங்க. வந்தவங்க சும்மா இல்லாம எல்லார் எதுர்லயும், "இந்த மாரி பெத்த அப்பன பாத்துக்கின புள்ள இந்த ராயபுரத்துலயே கெடையாது"ன்னுட்டாங்க. எல்லாம் இவன் மூஞ்சியப் பாக்குது. ஆலிஸும் பாக்குறா. இவன் இல்லன்னு சொல்லிருக்கலாம். பன்னெண்டு வருசமா நெஞ்சுல கெடந்த பாரம்... யாரோ வந்து எறக்கி வெச்ச மாரி இருந்துச்சாம்.

"செய்யாம இன்னாக்கா... பெத்த அப்பனாச்சே"ன்னு சொல்ட்டான்.

அவ்ளோதான். அந்த ஒரு வார்த்த.

மறுநாளு லாரி ஸ்ட்ரைக்கு. யார்டுல வேலை இல்ல, வூட்டுக்குப் போங்கன்னுட்டானுங்க. இப்ப அந்த பைக்குக்கு வாங்க.

மொதல்ல சத்தம்தான் கேட்டுச்சாம். டிங்... டிங்... டிங். டிபன் கேரியர் ஆடுற சத்தம். தூரத்துல ஒருத்தன் ரோட்டோரமா நடந்து போறான், ராயபுரம் பாத்து. அந்த வெயில்ல அந்த ரோட்ல எவன் நடப்பான்? நீலக் கட்டம் போட்ட சட்ட. நட... அந்த நடைய மேத்யூ எங்கியோ பாத்துருக்கான்.

கிட்ட போவப் போவ சூடு கொறயிது. மீன் ஐஸ் பெட்டிய தொறந்தா குப்புனு ஒண்ணு அடிக்குமே... அந்த வாசன. அந்தக் குளிரு. பைக்கு அதுவா ஆஃப் ஆயிடுச்சி. கடல் சத்தமும் நின்னு போச்சி. நெழலு விழுதான்னு பாக்கலாம்னா, உச்சி வெயில்ல யாருக்குத்தான் நெழலு கீது?

அவன் நின்னான். திரும்புனான்.

மேத்யூதான். இவனேதான். ஆனா தொப்ப இல்ல, தலை நெறய முடி. ஏர்போர்ட்டுக்குக் கெளம்புன அன்னிக்கி எப்டி இருந்தானோ... அதே இருபத்தெட்டு வயசு.

அவன்தான் மொதல்ல பேசுனான்.

"நேரமாச்சி. அப்பாவுக்குப் பசிக்கும்."

நம்ம குரல நாமளே ரெக்கார்டு பண்ணி கேட்டா ஒரு மாரி இருக்கும்ல... அப்டி இருந்துச்சாம்.

"அப்பா... அப்பா செத்துட்டாரு." மேத்யூ எப்டியோ சொல்ட்டான். "மூணு வருசத்துக்கு மேல ஆச்சி."

கேரியர் ஆடுறது நின்னுச்சி. அவன் கீழ பாத்தான். அழுவுறானோன்னு இவனுக்கே பாவமா ஆயிடுச்சாம். அப்புறம் தலைய தூக்கி, ரொம்ப சாதாரணமா கேட்டான்...

"அப்ப வூட்ல யாரு கீறாங்க?"

"ஆலிஸு."

வாய்ல வந்துடுச்சி. பேர வேற சொல்ட்டான் பாருங்க. அவன் "சரி"ன்னு தலைய ஆட்டுனான். டிங்... டிங்... நடக்க ஆரம்பிச்சான். பின்னாடி ஒரு அலை கல்லுல மோதுச்சி. மேத்யூ அந்தப் பக்கம் திரும்பிட்டு மறுபடி பாக்குறான்... நீட்டு ரோடு. ஆளே இல்ல.

வண்டிய எப்டி ஓட்டுனான்னு அவனுக்கே தெரியாது. வூட்டுக்குப் போனா ஆலிஸு சங்கரா மீனு வறுத்துகினு இருந்தா. ஒண்ணும் இல்ல. இவன் சொன்னதுக்கு அவ சிரிச்சா. "தூங்காம தூங்காம உனக்கு மண்ட சூடாயிடுச்சி"ன்னா.

அன்னில இருந்து பகல் பன்னெண்டரை ஆனா மேத்யூ வூட்ல இருப்பான். யார்டுல கிரேன அப்டியே நிறுத்திட்டு வந்துருவான். கதவ தாப்பா போட்டுக்கினு நாற்காலிய கதவாண்ட இழுத்துப் போட்டுக் குந்துவான். ஒண்ணும் வரல. ஒரு நாளு கூட வரல. ரெண்டே மாசத்துல வேலை போச்சி.

மனசு கேக்காம புஷ்பவல்லி கிட்ட போயி உண்மைய சொன்னான். "அக்கா, அது நான் இல்ல. நான் வரவே இல்லக்கா. அங்கதான் இருந்தேன்."

அவங்க மீன் கூடைய கழுவிகினு இருந்தவங்க, கைய எடுக்கல. தண்ணி போயிகினே கீது.

"எத்தினி நாளு என் கையால கொயம்பு கிண்ணத்த குடுத்துருக்கேன்..."ன்னாங்க. பைப்ப மூடிட்டு, "யாரா இருந்தா இன்னா நைனா? வந்தது அதுதான?"

மேத்யூ மாடி ஏறிட்டான்.

அந்த வாரமே பழைய ஃபோர்மேன் கத்தார்ல இருந்து ஃபோன் பண்ணான், வேற கம்பெனில ஆளு வேணுமாம். ஆலிஸு வரமாட்டேன்னுட்டா. "அந்த ரூமுக்கு இனிமே நான் வரல. எனக்கு இங்கதான் நல்லா கீது." மேத்யூ யோசிச்சான்... அது என் மூஞ்சிய வெச்சிக்கினுதான் வருது. நான் இங்க கீறதாலதான் சுத்துது. நான் போயிட்டா அதுவும் போயிடும். கெளம்பிட்டான்.

இன்னாடா அப்சல்? ஆமாடா, லூசுதான். இவன் இல்லாதப்பதான் அது வரும்னு உனக்குத் தெரியிது, எனக்குத் தெரியிது. பயத்துல கெடக்குறவனுக்கு எங்க தெரியும்?

போன புதுசுல ஆலிஸு டெய்லி அழுதா. எப்ப வருவ, எப்ப வருவன்னு. ஒரு மூணு மாசம் கழிச்சி அது நின்னு போச்சி. சிரிச்சிகினு பேசுறா. "நல்லா கீறேன், நீ ஒடம்ப பாத்துக்கோ." அங்க காலைல பத்து மணி ஆனா இங்க பன்னெண்டரை. அந்த நேரத்துக்கு மட்டும் இவன் ஃபோன் பண்ணா எடுக்குறதே இல்ல. சுவிட்ச் ஆஃபு. ஒண்ணரைக்கு மேல அவளே கூப்புடுவா. "தூங்கிட்டேன்"பா.

பேஜாராயி, ரோஷன அனுப்புனான். ஒரு தபா போயி பாத்துட்டு வாடா, அந்த நேரத்துக்குப் போ.

ரோஷன் போனான். படிக்கட்டுல ஏறுறப்பவே உள்ள தட்டுல கரண்டி படுற சத்தம். ஆலிஸு ஏதோ சொல்லி சிரிக்கிறா. இவன் கதவ தட்டுனான். சிரிப்பு நின்னுச்சி. கதவு ஒரு சாண் தொறந்துச்சி... அந்த சந்துல இருந்து ஜில்லுன்னு ஒரு காத்து. அந்த வூட்ல ஏசி கெடையாதுபா.

"யாரு அண்ணி உள்ள?"

ஆலிஸு வாய்மேல வெரல வெச்சா. "உங்கண்ணன்தான். இப்பத்தான் சாப்ட்டுட்டு கண்ண மூடுனாரு. சத்தம் போடாத ரோஷன்... சாயங்காலமா வா."

கதவ சாத்திட்டா. ரோஷன் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போவல. மேத்யூ கேட்டதுக்கு, அண்ணி நல்லாத்தான் கீறாங்கன்னு சொல்ட்டான். வேற இன்னா சொல்றது?

மேத்யூ பிளேன் ஏறி பதினாலு மாசம் ஆச்சி. நடுவுல ஒரு நாளு கூட லீவு கெடைக்கல.

போன ஞாயித்துக்கெழம ரோஷன் அவள கோயில்ல பாத்துருக்கான், பூச முடிஞ்சி வர்றப்ப. ஆலிஸுக்கு இப்ப ஆறாம் மாசம்.