மூன்று நாளாகக் காணாமல் போன கல்யாணம்

மாரிகுப்பத்தில் கிளம்பிய காலை ரயிலில், என் எதிர் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்: "மூணு நாளா என் கல்யாணத்தையே காணோம்க்கா."

காணாமல் போனது கல்யாண வெப்சைட் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"பத்திரிகைல அந்த அட்ரஸத்தான் அச்சடிச்சி ஊர் பூரா குடுத்துட்டோம். துபாய் மாமா தொறக்கலன்றாரு."

"கடைசியா இன்னா மாத்தின?"

"சைட்டுக்கு வழி காட்டுற நேம்சர்வரும் நம்ம பேர்லயே இருந்தா கெத்தா இருக்கும்னாரு என்னக் கட்டிக்கப் போறவரு. ரெண்டு நேம்சர்வருக்கும் பேர் வெச்சி, டொமைன் வாங்கின எடத்துல போட்டேன்."

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். "பேர் இருக்கு. சர்வரோட ஐபி நம்பர் எங்க?"

"பேர் போதாதா?"

"நம்ம ஸ்கெலட்டன் காலனில பேரச் சொன்னா வூட்டு வாசல்லயே கொண்டாந்து விடுவாங்க. இன்டர்நெட்டுக்கு நம்பர் குடுத்தாத்தான் வழி தெரியும். ரெண்டுக்கும் போடு."

பங்காரப்பேட்டையில் போட்டாள். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் போனைத் திறந்து திறந்து பார்த்தே களைத்துப்போனாள்.

"அக்கா! வந்துடிச்சிக்கா!"

உடனே மாமாவுக்கு போன் போட்டு, அவரும் திறந்து பார்த்த பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தாள். அக்கா தன் போனில் வாய்விட்டுப் படித்தார்.

"'மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி, வெல்டர் ஏழுமலை வீடு எனக் கேட்கவும்.' இன்னாடி இது? வூட்டு நம்பர் எங்க?"

"அது எதுக்குக்கா? அப்பா பேரச் சொன்னா போதும்."